எட்டுச் சென்ரிமீற்றர்

பெப்ரவரி 3, திங்கள்

இந்தக் கொப்பி நிவேதனா மிஸ் தந்தது. அவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். இன்று காலை இடைவேளையில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு வந்தார். நாங்கள் பதினாறு பெண்கள் மார்புக் கவசத்தோடு வியர்த்து வடிய இருந்ததைப் பார்த்துவிட்டு, பேச்சைத் தொடங்கவே கொஞ்ச நேரம் எடுத்தார்.

"முப்பது வருசமா ஆரும் கொத்தாத மண் இது. இதுக்குள்ள என்னென்ன சீவிக்குதெண்டு எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மண்வெட்டியோட வரவும் ஏலாது. நீங்கள்தான் ஒவ்வொரு சென்ரிமீற்றரா வழிச்சுப் பாக்கிறியள்."

அவருக்கு வேண்டியது புழுப்பாம்பு. மண்புழு மாதிரி இருக்கும், ஆனால் பாம்பு. அதைப் பற்றி எழுதிவைக்க ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிதிவெடி அகற்றும் வேலையில் எனக்குப் பதினொரு வருடம். குழுவில் நான்தான் மூத்தவள், கையெழுத்தும் நல்லது.

பாம்பைக் கண்டால் திகதி, ஆழம், மண் ஈரமா காய்ந்ததா, பக்கத்தில் எறும்போ கறையானோ இருந்ததா என்று எழுதவேண்டும். "உங்கட மனசில படுறதையும் எழுதுங்கோ யசோ அக்கா. வியாழக்கிழமையில பாம்பு எழுதின வரியளை மட்டும் போன்ல படம் எடுத்து அனுப்பினாப் போதும்."

மனதில் படுவதை நான் இதுவரை எழுதியதில்லை. மகள் ஆரணி ரியூஷனுக்குப் போயிருக்கிறாள். அடுப்பில் பருப்பு வேகிறது. வேறு வேலையில்லாததால் எழுதுகிறேன்.

இன்று பாம்பு இல்லை.

பெப்ரவரி 5, புதன்

பாம்பு ஒன்று. ஆழம் ஆறு சென்ரிமீற்றர். மண் ஈரம். பக்கத்தில் சிவப்பெறும்புக் கூடு, வெள்ளை முட்டைகள்.

சப்பாத்துக் கயிற்றின் தடிப்புத்தான். கறுத்து, எண்ணெய் பூசியது போல மினுங்கியது. எது தலை, எது வால் என்று தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்ததும் ஒரு முனையால் குத்தியது. திடுக்கிட்டுப் போனேன். வலியே இல்லை.

பக்கத்து லேனில் வேலை செய்யும் தவமலர் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினாள். "அக்கா, போடுங்கோ! காதுக்குள்ள போயிடும்!" லேன் என்பது ஒரு மீற்றர் அகலமான கீற்று. ஒருவருக்கு ஒன்று. கம்பி விரல்கள் கொண்ட றேக்கால் முழங்காலில் இருந்து மண்ணை மெல்ல மெல்ல வழிப்போம். பதினைந்து சென்ரிமீற்றர் ஆழம் வரை வழித்த பிறகுதான் ஒரு அடி முன்னே போகலாம்.

தவமலர் மூன்று மாதமாகத்தான் வருகிறாள். நவம்பரில் காயப்பட்ட ஜெனிற்றாவின் இடத்துக்கு அவளை எடுத்தார்கள்.

மாலையில் மிஸ்சுக்குப் போன் எடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். குத்தியது வால் முனையாம், விசம் எதுவும் கிடையாதாம். கண் இருக்கிற இடத்தில் தோலுக்கடியில் இரண்டு புள்ளிகள்தான், வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். எறும்பு முட்டையும் கறையான் முட்டையும்தான் சாப்பாடாம். "இன்னொண்டு தெரியுமோ அக்கா? இந்தப் பாம்பில ஆணே இல்லை. எல்லாம் பெண்தான். துணை இல்லாமலே முட்டை இடும். முட்டையைக் கண்டா மட்டும் உடைச்சுப் போடாதேங்கோ. அது கிடைக்கிறது அரிது."

ஆரணியிடம் சொன்னேன். "எங்கட வீடு மாதிரி" என்றாள். அவளுடைய அப்பா போய் ஆறு வருடம்.

பெப்ரவரி 6, வியாழன்

பாம்பு இல்லை. சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

முட்டைகள் மூன்று. ஆழம் எட்டுச் சென்ரிமீற்றர். மண் இலேசான ஈரம். பக்கத்தில் பழைய கறையான் புற்று. பாம்பைக் காணவில்லை, ஆனால் முட்டை அதனுடையதுதான் என்று நினைக்கிறேன். நீட்டரிசி போல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

இடம் ஏரம்பு ஐயாவின் காணியில் கிணற்றடி. கட்டு இடிந்த கிணறு. கட்டிலிருந்து நாலு அடி கிழக்கே.

மிஸ் உடைக்க வேண்டாம் என்று சொன்னதால் அந்த இடத்தில் மட்டும் அதற்குக் கீழே போகவில்லை. ஒரு சாண் அகலம்தான். மண்ணை மெல்ல மூடிவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். முட்டைக்குக் கீழே றேக் கம்பியில் ஏதோ தட்டுப்பட்டது. கல்லாக இருக்கும். அந்தக் கிணற்றுக் கட்டு இடிந்து கிடப்பதால் அங்கெல்லாம் கல்தான்.

எங்கள் குழுத் தலைவர் பத்மநாதன், பத்தண்ணை, பின்னேரம் அளவுகோலால் நாலு இடத்தில் ஆழம் பார்த்தார். நாலும் பதினைந்து. அந்த ஒரு சாணில் அவர் கோலை வைக்கவில்லை. தாளில் நானும் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தேத்தண்ணீரை மடியில் கொட்டிவிட்டேன். பத்தண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்குதோ யசோ?"

"பனி அண்ணை. விடியப்புறம் சரியான குளிர்."

"ஜெனிற்றான்ர விசயத்துக்குப் பிறகு ஆருக்கும் ஏலாமல் இருந்தாச் சொல்லச் சொன்னனான். ஒருத்தரும் சொல்லேல்லை."

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை."

ஏலாது என்று சொன்னால் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பிறகு ஆரணியின் படிப்பு?

பெப்ரவரி 13, வியாழன்

வழக்கம் போலப் பாம்பு வரிகளைப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன், முட்டை எழுதிய வரிகளை அனுப்பாமல் விட்டிருக்கலாமே என்று.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. மிஸ்சின் குரலில் அவ்வளவு சந்தோசம்.

"அக்கா, உண்மையா மூண்டு முட்டையோ? இந்தப் பக்கத்தில, இந்த மாசத்தில, மண்ணுக்குள்ள இருக்கிற மாதிரியே ஆரும் பாத்து எழுதினதா நான் அறியேல்லை. அப்பிடியே விட்டிட்டியளோ?"

"ஓம் மிஸ்."

"அப்ப நான் வந்து எடுக்கிறன். அது துப்புரவாக்கின இடம்தானே? நான் இறங்கலாம்தானே?"

மிஸ் லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றார்.

"ஓம் மிஸ். துப்புரவாக்கினதுதான்."

இருபத்துநாலாம் திகதி வருகிறாராம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கோழிக்கறியும் புட்டும் கட்டிக்கொண்டு ஜெனிற்றாவைப் பார்க்கப் போனேன். நவம்பருக்குப் பிறகு இதுதான் மூன்றாவது தடவை. வலது கையில் மூன்று விரல் இல்லை. வலது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் ஊட்டிவிடப் போனேன், தள்ளிவிட்டாள்.

இதுவரை அவளிடம் அந்த நாளைப் பற்றி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கல்லெண்டுதான் நினைச்சனான் யசோ," என்றாள். "ஆனாக் கல்லெண்டாக் கம்பி கிறீச்செண்டு கத்தும். இது கத்தேல்லை. வழுக்கினது. அது மண்டைக்குள்ள ஓடி முடியிறதுக்குள்ள..."

புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆரணியின் பள்ளிச் சட்டைகளைத் தோய்த்தேன். ஏற்கெனவே தோய்த்தவற்றையும் சேர்த்து.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஏரம்பு ஐயா காணி பார்க்க வந்தார். வெடி எல்லையைக் காட்டும் சிவப்பு நாடாவுக்கு வெளியே, வீதியில் நின்றுதான். மகனும் மருமகளும் நாலு வயதுப் பேத்தியும் கூட வந்தார்கள். இருபத்தெட்டாம் திகதி காணியைக் கையளிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலுமாக முப்பது வருடம் இருந்தவர்கள்.

இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீரோ கிணத்தடிப் பக்கம் செய்தது?"

"ஓம் ஐயா."

"முதல்ல கிணறு இறைக்கோணும். கிணத்தடியிலதான் கொட்டில் போடப்போறம். கிழக்குப் பக்கம். முந்தி அதிலதான் எங்கட அடுப்படி இருந்தது."

கிழக்குப் பக்கம்.

அந்தச் சின்னப் பிள்ளை நாடாவைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. "கையை எடு" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். நாடா அறுந்துபோகும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெப்ரவரி 19, புதன்

மிஸ்சுக்குப் போன் எடுத்துப் பொய் சொன்னேன். முட்டையை எறும்பு தின்றுவிட்டது, வரவேண்டாம், வீண் அலைச்சல் என்றேன்.

மிஸ் சிரித்தார். "எறும்பின்ர முட்டையைத் தின்னிற பாம்பு அக்கா அது. எறும்பு திருப்பி அதின்ர முட்டையைத் தின்னுதெண்டா அதைக் கட்டாயம் நான் பாக்கோணும். கோதாவது கிடக்கும். வாறன்."

பெப்ரவரி 20, வியாழன்

நானே போய் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது இடைவேளையில் மற்றவர்கள் கொட்டிலில் இருக்க, றேக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முகக்கவசத்தை இறக்கினேன். முழங்காலில் இருந்தேன். ஒரு சாண் மண். பத்து நிமிட வேலை.

றேக்கை மண்ணில் வைக்க முடியவில்லை.

கைக்கு நான் சொல்வது கேட்கவில்லை. முகக்கவசத்துக்குள் என் மூச்சுப் பட்டுப் பட்டு எல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. ஒரு எறும்பு என் கையுறையில் ஏறி முழங்கை வரை போனது. அதைத் தட்டிவிடக்கூடப் பயமாக இருந்தது.

"அங்கை என்ன யசோ?" பத்தண்ணையின் குரல்.

"பாம்பு எழுதுறதுக்கு, அண்ணை. அளவு பாக்கிறன்."

"இடைவேளையில இறங்கப்படாது. சட்டம் தெரியும்தானே. வா வெளிய."

அவர் கூப்பிட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 21, வெள்ளி

பத்தாம் திகதி என் கம்பியும் கிறீச்சிடவில்லை. வழுக்கியது.

பெப்ரவரி 24, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

மிஸ் பதினொரு மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார். அதற்குள் பத்தண்ணையிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். விடியற்காலையில் பஸ்ஸில் வரும்போது வசனங்களைக்கூட அடுக்கிவைத்தேன். ஆறு மணி விளக்கக் கூட்டத்தில் சொல்லவில்லை. எல்லோரும் நின்றார்கள். ஏழரை இடைவேளையில் சொல்லவில்லை. பத்தண்ணை போனில் இருந்தார். அடுத்த இடைவேளையில் என்று நினைத்துக்கொண்டு லேனுக்குள் போனேன்.

ஒன்பது மணி இருக்கும். முதுகை நிமிர்த்தத் தலையைத் தூக்கினேன். அறுபது மீற்றர் தள்ளிக் கிணற்றடியில் இரண்டு பேர். கீறல் விழுந்த முகக்கவசம் என்பதால் முதலில் யாரென்று தெரியவில்லை. பிறகு மிஸ்சின் நீலச் சால்வை தெரிந்தது. பத்தண்ணை கையை நீட்டி ஏதோ காட்டிக்கொண்டு நின்றார். மிஸ் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். கையில் சின்னக் கரண்டி.

எங்கள் எல்லோருடைய கழுத்திலும் ஊதல் இருக்கும். ஒரு நீண்ட ஊதல் என்றால் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும், விரலைக்கூட அசைக்கக் கூடாது. பதினொரு வருடத்தில் நான் அதைப் பயிற்சியில் மட்டும்தான் ஊதியிருக்கிறேன். முகக்கவசத்தைத் தூக்கவேண்டும், கையுறையைக் கழற்றவேண்டும், ஊதலைத் தேடவேண்டும். கையுறையைக் கழற்றாமலே, பல்லால் கயிற்றை இழுத்து ஊதினேன். மூச்சு முடியும் வரை ஊதினேன்.

பதினாறு லேனிலும் றேக் சத்தம் நின்றது.

பத்தண்ணை சிலை மாதிரி நின்றார். மிஸ்சின் கையைப் பிடித்து வைத்திருந்தார். மிஸ்சின் கரண்டி மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

"ஆர் ஊதினது? என்ன?" என்று பத்தண்ணை கூப்பிட்டார்.

"அந்த இடம் செய்யேல்லை அண்ணை!" என்று கத்தினேன். "முட்டைக்குக் கீழ நான் செய்யேல்லை! தட்டுப்பட்டது! மிஸ், கையை எடுக்காதேங்கோ, இல்லை, எடுங்கோ, மெல்ல..."

என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. தவமலர் தன் லேனில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

பத்தண்ணை என்னை ஏசவில்லை. முதலில் தன்னுடைய சப்பாத்துகள் இருக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மிஸ்சிடம் சாதாரணமாகக் கதைப்பது போலச் சொன்னார். என்ன சொன்னாரென்று பின்னர் மிஸ்தான் எனக்குச் சொன்னார்.

"மிஸ், கரண்டியை விட்டிட்டுக் கையை நேர மேல தூக்குங்கோ. எழும்புங்கோ. நீங்கள் வந்த அடி தெரியுதுதானே? அதிலயே கால் வைச்சு நடவுங்கோ. நான் பின்னால வாறன்."

அவர்கள் நாடாவுக்கு வெளியே வரும் வரை எண்ணினேன். இருபத்தொரு அடி.

கொட்டிலில் எல்லோரும் கூடினோம். பத்தண்ணை என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

"எப்ப?"

"பத்தாம் திகதி."

"ரெண்டு கிழமை."

"ஓம்."

"நான் இந்த ரெண்டு கிழமையில அதுக்கு மேல எத்தினை தரம் நடந்திருப்பன் யசோ?"

எனக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

நான்தான் தோண்டுவேன் என்று கெஞ்சினேன். பத்தண்ணை றேக்கைத் தர மறுத்துவிட்டார். தவமலரைக் கூப்பிட்டார். அவளுக்கு இரண்டு குழந்தைகள். சின்னதுக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை.

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, "முட்டை எந்தப் பக்கம் அக்கா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

நாங்கள் ஐம்பது மீற்றர் தள்ளி நின்றோம். நாற்பது நிமிடம். என் வாழ்க்கையில் செல் குண்டடிக்குள் ஓடியிருக்கிறேன், பதுங்கு குழிக்குள் தண்ணீரில் கிடந்திருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை. அங்கெல்லாம் பயந்தது எனக்கு வரப்போவதை நினைத்து. இங்கே அது அவளுக்கு வரப்போகிறது, அனுப்பியது நான். அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. மார்புக் கவசத்தின் பட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்ப நினைத்தேன்.

நடுவில் ஒருமுறை அவள் றேக்கை வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் எதையோ மண்ணோடு அள்ளி ஒரு பக்கமாக வைத்தாள். முட்டைகள். மூன்றும் உடையாமல்.

பிறகு கையைத் தூக்கினாள்.

பத்தண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மிதிவெடி. பதினொரு சென்ரிமீற்றரில். நேராக இல்லை, சரிந்து கிடந்ததாம். மிதிபடும் முகம் நான் அன்று முழங்காலில் இருந்த பக்கம் திரும்பியிருந்ததாம். இன்னும் ஒருமுறை றேக்கை இழுத்திருந்தால் ஜெனிற்றாவுக்கு நடந்ததுதான் எனக்கும்.

"பயந்ததில பிழையில்லை," என்றார். "கையைத் தூக்கியிருந்தா நான் வந்திருப்பன். நீ மூடினனி."

ஒன்றரை மணிக்கு அதை வெடிக்கவைத்தார்கள். புகை அடங்கிய பிறகும் தவமலர் என்னோடு கதைக்கவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கையில் இருந்தாள்.

பெப்ரவரி 27, வியாழன்

விசாரணைக்கு அலுவலகத்துக்குப் போனேன். இருபத்தெட்டாம் திகதிக் கையளிப்பு நிறுத்தப்பட்டது. ஏரம்பு ஐயாவின் காணியில் நான் செய்த லேன் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும். மே மாதம் ஆகலாம்.

ஒரு படிவம் தந்தார்கள். மேலே பெயர், திகதி. கீழே ஒரு கேள்வி: குறித்த ஆழத்தை அடையுமுன் ஏன் நிறுத்தினீர்?

நிவேதனா மிஸ் வெளி விறாந்தையில் காத்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"முட்டையை உடைக்கவேண்டாமெண்டு நான்தானே சொன்னனான். அது உண்மை. அதால நிப்பாட்டினதெண்டு எழுதுங்கோ அக்கா. நானும் கீழ கையெழுத்துப் போடுறன். அவை என்னைத்தான் கேப்பினம். உங்கட வேலை தப்பும்."

நல்ல மனம். பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அப்படி எழுதினால் முழுப் பொய்யும் இல்லை. ஆரணியின் முகம் வந்தது. அவளுடைய பரீட்சை வந்தது. பத்தண்ணை குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்ததும் வந்தது.

எழுதினேன். 'றேக் கம்பியில் ஏதோ தட்டுப்பட்டது. அது கல் இல்லை என்று அப்போதே தெரிந்தது. பயந்தேன். மூடினேன். முட்டைகள் இருந்திராவிட்டாலும் மூடியிருப்பேன்.'

மிஸ் வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரண்டி அந்த மண்ணில பட்டது அக்கா," என்றார். "இப்பதான் எனக்கு அது உறைக்குது."

முடிவு கடிதத்தில் வருமாம். அதுவரை நிலத்தில் இறங்கக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

பின்னேரம் மூன்று மணிக்கு ஏரம்பு ஐயா வீட்டுக்கு வந்தார். சைக்கிளை வேலியில் சாத்துவதைக் கண்டதும் உள்ளே போய் ஒளியத்தான் தோன்றியது. ஆரணி முன்னால் போய்க் கதிரை போட்டுவிட்டாள்.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"பிள்ளை, மே மாசம் வரைக்கும் இருக்கிறது எங்களுக்குப் பெரிய விசயமில்லை. முப்பது வருசம் இருந்தனாங்கள். நான் வந்தது ஒண்டு கேக்க."

"கேளுங்கோ ஐயா."

"வேற எங்கையும் இப்பிடி மூடினனீரோ? என்ரை காணியில மட்டுமில்லை. எங்கையும்."

"இல்லை ஐயா," என்றேன்.

அவர் எழும்பிப் போனார். ஆரணி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏனம்மா அவரின்ர முகத்தைப் பாக்காமச் சொன்னனீங்கள்?"

இந்தக் கொப்பி பெப்ரவரியில்தான் தொடங்கியது. அதனால் ஜனவரியை எழுதவேண்டி வரவில்லை.

ஜனவரி இரண்டாவது கிழமை. வேறு காணி, வீதிக்கு வடக்கே. இளம் பனை வடலி ஒன்றின் அடி. வேர் பின்னிக்கிடந்தது. அங்கே எதுவும் தட்டுப்படவில்லை, சத்தியமாகத் தட்டுப்படவில்லை. ஆனால் வேருக்குக் கீழே என் கை போகவில்லை. ஏழு, எட்டுச் சென்ரிமீற்றர் இருக்கும். அந்தக் காணியை மாத முடிவில் கையளித்துவிட்டார்கள். ஒரு இளம் குடும்பம் கொட்டில் போட்டு இருக்கிறது. கைக்குழந்தையும் உண்டு. பஸ்ஸில் போகும்போது கொடியில் சீலைத்துணி காய்வதைக் காண்பேன். உடனே மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன்.

இப்போதுதான் போன் எடுத்தேன்.

"பத்தண்ணை, யசோ. இன்னுமொரு இடம் இருக்கு."

"எங்கை?"

சொன்னேன்.

"அங்கை ஆக்கள் இருக்கினமே."

"ஓம் அண்ணை. அந்த வடலியடி அவையின்ர வாசலுக்குக் கிட்ட."

"ரெடியா நில். உன்னை ஏத்திக்கொண்டு போறன். இடத்தை நீதான் காட்டோணும்."

அவர் வரும் வரை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது.

மார்ச் 5, புதன்

நேற்று அந்த வீட்டுத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "என்னக்கா, என்ன?" என்று கேட்டாள். நானே சொன்னேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவர்கள் இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள்.

இன்று விடிந்ததும் பத்தண்ணை தானே முழங்காலில் இருந்து வழித்தார். வீதியில் நின்று பார்த்தேன். ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. வேரை ஒவ்வொன்றாக வெட்டிப் பதினைந்து வரை போனார். பிறகு இருபது வரை போனார். வேர்தான். வேறு எதுவும் இல்லை.

முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வீதிக்கு வந்தார். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. என் முன்னால் நின்றார்.

"வேற?"

பதினொரு வருடத்தையும் மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தேன். ஒவ்வொரு காணியாக, ஒவ்வொரு லேனாக. அவர் அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் குழந்தையோடு வேலியோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை அண்ணை," என்றேன், அவருடைய கண்ணைப் பார்த்து.